அனுபவஸ்தர் ஓட்டிய வண்டி

எங்கள் தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குக் கப்பலேறியபோது, தன்னால் தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் விற்றுவிட்டுப் போனார். பியானோவைக் கோட்டயத்து வக்கீல் ஒருவர் வாங்கினார். நாய்களைப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னதுரை ஏற்றுக்கொண்டார். மோட்டார் சைக்கிளை என் கணவர் வாங்கினார். மூன்றில் நாய்கள்தான் நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்பது என் அபிப்பிராயம்.

என் கணவர் அப்போது ஏலப்பாறைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் டீ மேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் பெட்டியில் ஏறுவது வரை தொழிற்சாலை முழுக்க அவர் பொறுப்பு. எங்கள் குவாட்டர்ஸிலிருந்து தொழிற்சாலை ஒரு கூப்பிடு தூரம். இவர் வாசலில் நின்று தும்மினால் அங்கே மெஷின் ஓட்டுகிறவன் எழுந்து நிற்பான். நானோ கீழ் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறி, காலையும் மாலையும் அட்டைகளுக்கு ரத்தத்தில் படியளந்துவிட்டுப் போய்வர வேண்டும். ஆகவே வண்டி யாருக்குத் தேவை என்பதில் எங்கள் வீட்டில் குழப்பமே எழவில்லை. அவருக்குத்தான்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்றார்கள். அதற்கு ஓர் ஏஜெண்டு வந்தார். பாலக்காட்டுச் சீமையில் கோபாலபுரம் பக்கத்துக்காரர், தமிழ் முஸ்லிம். ஏலப்பாறை பஜாரில் அவருடைய மச்சானுக்கு மளிகைக்கடை இருந்ததால், அவ்வப்போது வந்து தங்கி, குடையும் தோல்பையுமாகத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவோம். இந்த மலைக்காட்டில் எங்கள் திருநெல்வேலிப் பேச்சுக்கு நடுவே அவருடைய கொங்குப் பேச்சைக் கேட்பதே ஒரு பொழுதுபோக்கு.

பாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை விரித்தார்.

"ஏனுங்க சார், வண்டி ஓட்டி எத்தன வருசப் பழக்கமுங்க?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"பழக்கம் ஜாஸ்தியா இருந்தா பிரீமியம் கம்மிங்க. புதுசா ஓட்டறவங்கன்னா கம்பெனி ஏத்திப் போட்ருமுங்க. அஞ்சு வருசத்துக்கு மேல அனுபவம்னா கொறச்சுக்குவாங்க."

என் கணவர் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆறு வருஷம்."

காப்பி கொண்டுவந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆறு வருஷம் என்பது பொய்யில்லை. துரை சாம்பிள் தூளை ருசிபார்க்கப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவார். டப்பாக்களை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதுதான் அந்த ஆறு வருஷமும் இவருடைய வேலை.

"அது பின்னாலல்லா இருந்திய?" என்றேன்.

பாயின் பேனா ஒரு கணம் நின்றது. "டீச்சரம்மா, எங்க உக்காந்தீங்கன்னு இதுல கேள்வி இல்லீங்க. எத்தன வருசம்னு மட்டுந்தானுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறு என்று எழுதிக்கொண்டார்.

லைசென்ஸும் அதேமாதிரி வந்ததுதான். போகிற துரை ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் துரை கையெழுத்துப் போட்டால் எருமைக்கும் லைசென்ஸ் கிடைக்கும்.

இப்படியாக ஆறு வருஷ அனுபவத்தோடு என் கணவர் முதன்முதலாக வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் வருஷத்தில் அவர் மோதியவை மூன்று. கொழுந்து நிறுக்கிற கொட்டகை, ஓர் ஆடு, புதிதாக வந்த மானேஜர் பங்களாவின் கேட். கொட்டகை வளைவிலோ இருட்டிலோ இல்லை. நேர்ப்பாதையில், பட்டப்பகலில், நிறுவைக்காகக் கூடையோடு வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ பெண் பார்க்கப் போகிறவர்போல மெதுவாகப் போய் அதன் தூணில் முட்டினார். ஆடு எங்கள் வேதக்கோயில் சபையின் மூப்பருடையது. அதன் கால் ஒடிந்துபோய், கடைசியில் கறியாகி, எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. கேட் மட்டும்தான் கொஞ்சம் பெரிய விவகாரம்.

மூன்றுக்கும் அவர் கம்பெனிக்கு எழுதி இழப்பீடு கேட்டார். உண்மையைச் சொன்னால், வண்டி ஓட்டுவதைவிட அந்த எழுத்தில்தான் அவருக்கு ருசி அதிகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உயர்ந்த இங்கிலீஷில் எழுதுவார். எழுதி முடித்ததும் எனக்குப் படித்து அர்த்தமும் சொல்வார். மேற்படி ஆடு பாதையின் இடப்புறம் போவதாகத் தோற்றம் காட்டி, பின்னர் முன்னறிவிப்பின்றித் தன் மனத்தை மாற்றிக்கொண்டது என்று ஒருமுறை எழுதியிருந்தார். கேட்டைப் பற்றி, அது வழக்கத்துக்கு மாறாகச் சாத்தப்பட்டிருந்தது என்று எழுதினார். கம்பெனிக்காரர்களும் பாவம், பணம் அனுப்பினார்கள்.

வருஷம் திரும்பியதும் பாய் வந்தார். குடையை மடக்கியவர் உட்காராமல் நின்றார்.

"பிரீமியம் ஏறிப்போச்சுங்க சார்."

"எப்படி ஏறும்? இப்ப எனக்கு ஏழு வருஷ அனுபவம்லா? கொறையல்லா செய்யணும்?"

"கம்பெனி பயப்படறதே அந்தக் கடேசி ஒரு வருச அனுபவத்தப் பாத்துத்தானுங்க."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று என் கணவர் புலம்பினார். பாய் காப்பியைக் குடித்துக்கொண்டே யோசித்தார். அப்புறம் அவர் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது.

"வூட்ல வேற ஆராச்சும் லைசென்ஸ் எடுத்துட்டா, ஓட்டறவங்க பேர அவங்க பேருக்கு மாத்திக்கலாமுங்க. டீச்சரம்மா இதுவரைக்கும் ஒருக்காக்கூட உழுந்தது இல்லீங்களே."

"நான் வண்டியத் தொட்டதே இல்லையே பாய்."

"அதத்தானுங்க சொல்றேன். இத்தன சுத்தமான ரெக்கார்டு இந்த மலையிலயே கெடையாதுங்க."

என் கணவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். பேர் என்னுடையது, வண்டி அவருடையது, பணம் மிச்சம் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். "ஒரு பேப்பருதான, எடுத்துக்கிட்டா என்ன?" என்றார். ஆனால் கடிதத்தைக் காட்டி லைசென்ஸ் வாங்குகிற வசதி துரைகளோடு நாட்டை விட்டுப் போயிருந்தது. கோட்டயத்தில் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர், வருகிறவர் யாரானாலும் மைதானத்தில் ஓட்டிக் காட்டச் சொல்கிறார் என்று பாய் எச்சரித்தார். ஆக, நான் கற்றுக்கொண்டே தீர வேண்டியதாயிற்று.

தொழிற்சாலைக்குப் பின்னால் விறகு அடுக்குகிற மைதானம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே பாடம் நடக்கும். கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற ரப்பர் துணியைச் சேலைக்கு மேல் சுற்றி இறுக்கிக்கொண்டு, என் கணவரின் பழைய கோட்டையும் மாட்டிக்கொண்டு நிற்பேன். வண்டியை உதைத்துக் கிளப்ப எனக்குப் பலம் போதாது. அதை அவர் செய்துவிடுவார். அப்புறம் என்னோடு ஓடிவந்துகொண்டே உபதேசம் செய்வார்.

"பிரேக்க மட்டும் தொடாத! ரோட்டப் பாக்காத, தூரமாப் பாரு! வேகமாப் போனாத்தான் வண்டி சாயாம நிக்கும்!"

கொட்டகையில் முட்டினவர் சொன்ன புத்திமதிகள் இவை. நான் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு அதற்கு நேர்மாறாகச் செய்தேன். மழைக்காலம் முடிவதற்குள் ஓட்ட வந்துவிட்டது.

நானும் விழுந்தேன், விழாமல் என்ன. விறகு அடுக்கில் ஒருமுறை, ஓடைத் திருப்பத்தில் ஒருமுறை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கையாட்டப் போய் ஒருமுறை. ஓடைக்கரையில் விழுந்தபோது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதோடு விஷயம் முடிந்தது. அகராதியை எடுக்கவில்லை. அவர் விழுந்ததெல்லாம் கம்பெனியின் அலமாரியில் இருந்தது, நான் விழுந்ததெல்லாம் என் முழங்கையில் இருந்தது. அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு ஞாயிறு கோயில் வாசலில் மூப்பர் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், பொம்பளப் பிள்ள இப்படி வண்டியில போறது மத்தவங்களுக்கு இடறலா இருக்கும்லா?"

"அண்ணாச்சி, அவிய போறது இடறல் இல்லையா? உங்க ஆட்டு மேலயே இடறுனாவல்லா?"

மூப்பர் அதற்கப்புறம் என்னிடம் வேத விஷயங்களைப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

கோட்டயத்துக்குப் போன அன்று, குட்டிக்கானத்திலிருந்து மலை இறங்கி ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அவர்தான் ஓட்டினார். மாட்டுவண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. மைதானத்தில் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆரா ஓடிக்குன்னது?" யார் ஓட்டப்போவது என்று கேட்கிறார். என் கணவர் என்னைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் சேவகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார், தூக்குவதற்கு ஆள் வேண்டுமே. சுண்ணாம்பில் போட்டிருந்த எட்டின் மேல் ஓட்டினேன். ஓரிடத்தில் கால் லேசாகத் தரையில் பட்டது. அவர் பார்த்தார், பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். இறங்கி வந்ததும் கையெழுத்துப் போட்டார். பிறகு என் கணவரிடம் திரும்பி, "சாரினு லைசென்ஸ் உண்டோ?" என்று விசாரித்தார்.

"உண்டு."

"ஆரு தந்நு?" யார் கொடுத்தது என்கிறார்.

"துரை" என்றார் என் கணவர். இன்ஸ்பெக்டர் நீளமாக ஓர் "ஆங்" சொன்னார். திரும்பி வரும்போது மலைப்பாதையில் நான் ஓட்டினேன். மாட்டுவண்டிகளை நாங்கள் முந்தினோம். பின்னால் இருந்தவர் ஆறு வருஷப் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

லைசென்ஸைப் பாயிடம் கொடுத்தனுப்பினோம். அடுத்த மாதம் அவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். காப்பியை வேண்டாம் என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு சங்கடமுங்க டீச்சரம்மா. உங்களுக்கு அனுபவமே இல்லைன்னுட்டாங்க. புது ஆளு, அதுலயும் பொம்பளைன்னு சாருக்குப் போட்டதுக்கும் மேல ஏத்திப் போட்டுட்டாங்க."

"விழுந்தவருக்கு ஒரு ரேட்டு, விழாதவளுக்கு அதுக்கு மேலயா?"

"சாருக்கு ஏழு வருச அனுபவமுங்களே."

"விழுந்ததும் அனுபவந்தானா பாய்?"

"உழுகாம எப்படிங்க அனுபவம் வரும்?"

"போன தடவ இதே வாயாலதான சுத்தமான ரெக்கார்டுன்னு சொன்னீங்க?"

பாய் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டார். "எனக்குத் தெரியுதுங்க. கம்பெனிக்குத் தெரியலீங்களே."

என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படியொரு பிரகாசம் இல்லை. "பாத்தியா? எங்கேயோ இருக்க கம்பெனிக்கே தெரியுது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் காப்பியை நானே குடித்தேன். ஓட்டுகிறவர் என்று அவர் பேரையே மறுபடி எழுதிக்கொடுத்தோம். வண்டியை மட்டும் நான் விடவில்லை. கம்பெனி எதையாவது எழுதிவைத்துக்கொள்ளட்டும், அட்டைகளுக்குப் படியளக்க இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, வாரத்தில் பாதி நாள் வண்டியிலேயே பள்ளிக்கூடம் போனேன். மீதி நாள் அவர் தன் அனுபவத்தைப் பெருக்கிக்கொண்டார்.

இதற்கிடையில் புது மானேஜர், தொழிற்சாலைக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுக்க யோசித்தார். அதைப் பார்வையிடக் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனியின் ஆபீசரே வருவதாக ஏற்பாடு. பிரீமியத்தை ஏற்றி இறக்கிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான் என்று பாய் பயபக்தியோடு சொன்னார். அன்று பார்த்துத் தோட்டத்து ஜீப் பழுது. ஏலப்பாறையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்பவரை அழைத்து வர வேண்டும்.

"பள்ளிக்கூடம் போற வழியில நான் கூட்டியாறேன்" என்றேன்.

"ஆபீசர ஒரு பொம்பள போயிக் கூட்டியாறதா? நம்மளப் பத்திக் கம்பெனி என்ன நெனைக்கும்?" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார் என் கணவர்.

நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்கினாள்.

"டீச்சரம்மா, ஐயா விழுந்துட்டாவ. கூட ஒரு தொப்பிக்காரரும் விழுந்துட்டாரு."

ஓடினேன். ஓடைக்கு மேல் திருப்பத்தில் வண்டி படுத்துக் கிடந்தது. என் கணவர் ஒரு கல்லில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபீசர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தேயிலைச் செடி பச்சை மெத்தைபோல இருக்கும். விழுந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் கட்டை. அவருடைய கால்சட்டை முழங்காலிலிருந்து மேல்நோக்கிக் கிழிந்திருந்தது, எதுவரை என்று நான் பார்க்கவில்லை. தொப்பி ஓடையில் போய்க்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் தன் ஓட்டற அனுபவத்தப் பத்தி என்கிட்ட சொல்லிட்டு வந்தாருங்க" என்றார் ஆபீசர். "திரும்பிப் பாத்துச் சொன்னாரு."

வண்டியை நிமிர்த்தித் துடைத்தேன். உதைப்பவருக்குக் கால் இல்லாததால் சரிவில் உருளவிட்டுக் கிளப்பினேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், ஏறுங்கள் என்று ஆபீசரிடம் சொன்னேன். அவர் ஒரு எட்டு பின்வாங்கினார்.

"பரவாயில்லீங்க. நான் நடந்தே வந்துக்கறேன்."

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கிழிசல் வழியாக ஓர் அட்டை ஏறியது. இன்னொன்று சாக்ஸின் மேல் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆபீசர் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் கணவரை, அவர்பாட்டுக்குக் கல்லில் இருக்கட்டும், அடுத்த நடையில் கூட்டிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "எத்தன வருசமா ஓட்டறீங்கம்மா?"

"வருஷமெல்லாம் இல்ல சார். மாசக் கணக்குதான்."

பின்னால் சீட்டின் கம்பி கிறீச்சிட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. "முருகா" என்றார்.

"உங்க கம்பெனி கணக்குப்படி அந்த மாசமும் கெடையாது சார். ஒண்ணுமே கெடையாது."

ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் ஆபீசர் இறங்கி, தரையை ஒருமுறை காலால் அழுத்திப் பார்த்தார். கம்பவுண்டர் வந்து அயோடின் தடவினார். தடவும்போது ஆபீசர் போட்ட சத்தத்தில் என் அனுபவத்தைப் பற்றிய விசாரணை மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்த கணவர் கணுக்காலில் கட்டோடு அகராதியை எடுத்தார். இந்த முறை விஷயம் பெரியது, கம்பெனியின் சொந்த ஆபீசரே சாட்சி. முதல் பாராவை அவர் முடிப்பதற்குள் பாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"சார், சார், எழுதாதீங்க சார். பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு இந்தப் பாலிசில ஒண்ணும் கெடையாதுங்க. அந்த விதிய எழுதுனதே இந்த ஆபீசருதானுங்க. அவரே பின்னாடி உக்காந்து உழுந்தாருன்னு மேலிடத்துக்குத் தெரிஞ்சா அவரு மானம் போயிருமுங்க."

"அப்ப என் காலு?"

"ஆபீசர் உழுகவே இல்லீங்களாம் சார். அவரு உழுகலைன்னா நீங்களும் உழுகலீங்க."

என் கணவர் தன் கணுக்காலைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

ஆக அந்த வருஷம் எழுத்தில் அவர் எங்கும் விழவில்லை. அடுத்த தடவை வந்த தாளில், எட்டு வருஷ அனுபவம் உள்ளவர், விபத்து இல்லாமல் ஓட்டியவர் என்று சொல்லிப் பிரீமியத்தைக் குறைத்திருந்தார்கள். அதை அவர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கணுக்கால் ஆறியபிறகும் அவர் வண்டிச் சாவியைக் கேட்கவில்லை. காலையில் நான் ரப்பர் துணியைக் கட்டிக்கொண்டு வந்தால், வண்டியை உதைத்துக் கிளப்பித் தயாராக வைத்திருப்பார். நான் திருப்பம் தாண்டுகிற வரை கேட்டருகில் நிற்பார். அப்புறம் தொழிற்சாலைக்கு நடந்து போவார். ஊர் சிரித்தது. அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும், என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. மனுஷனிடம் வண்டி ஓட்டுகிற திறமையைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன.

கொஞ்ச காலம் கழித்துப் பாயும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். தோட்டங்களுக்கு நடந்து நடந்து முட்டி தேய்ந்துவிட்டதாம். வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு உபகாரம் பண்ணோணுமுங்க. டீச்சரம்மாகிட்ட ஓட்டக் கத்துக்கறேன். சார்கிட்ட அனுபவத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்கறேன். கம்பெனில சார் கையெழுத்துக்குத்தானுங்க மதிப்பு."

என் கணவர் அகராதியைக் கொண்டுவந்தார். எழுதியது மிக நன்றாக இருந்ததாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். விறகு மைதானத்தில் நான் பாயை ஓட்டவைத்தேன். பயந்த சுபாவம், ஆகையால் சீக்கிரம் கற்றுக்கொண்டார். குடையை மட்டும் கைப்பிடியில் கட்டுவேன் என்று அடம்பிடித்தார், கட்டிக்கொண்டார்.

ஒருநாள் சீனி வாங்க அவர் மச்சான் கடைக்குப் போனேன். உள்ளே பாய் நாலைந்து பேருக்கு நடுவே நின்று, தன் ஓட்டும் திறமை எப்படி வந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் டீ மேக்கர் சார் சொல்லிக்குடுத்ததுங்க. அவரு அனுபவம் என்ன, சாதாரணமா?"

சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கடையில் இருந்தவர்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா, அவியதான் சொல்லிக்குடுத்தாவ" என்றேன். பாயின் பிரீமியம் ஏறிவிடக் கூடாதல்லவா.